தாளிக்காத பருப்பு

தம்பி,

தொலைபேசியில் நாம் இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் முடிக்க விடுவதில்லை. நான் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று அவசரப்படுத்துகிறாய். நீ தொடங்கினால் நான் இருமத் தொடங்குகிறேன். கடிதத்தில் அந்த இடைஞ்சல் இல்லை, அதனால் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போடப்போகிற ஒப்பந்தத்தைப் பற்றித்தான். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக ஒரு வருடம் ஈராக்குக்குப் போய், மோசூலுக்குப் பக்கத்தில் இருக்கிற இராணுவத் தளத்தில் கணினிகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. நீ வளர்ந்த பிள்ளை. பிராங்பேர்ட்டில் தனியாக வீடெடுத்து இருக்கிறாய், சித்திரையில் கல்யாணம் பேசியிருக்கிறாய். போகாதே என்று கட்டளையிடுகிற வயதை நாம் இருவருமே தாண்டிவிட்டோம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், வாசித்துவிட்டு முடிவெடு.

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் துவக்குத் தூக்கப் போகேல்ல அப்பா, வயர் இழுக்கப் போறன்" என்றாய். வயர் எங்கே போகிறது என்று கேட்டேன். கொம்பியூட்டருக்கு என்றாய். கொம்பியூட்டரில் இருந்து எங்கே போகிறது என்று கேட்டேன். "அப்பா, நீங்கள் என்னைப் பேட்டி எடுக்கிறியள்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் அம்மாவுடையது, அதனால் நானும் சிரித்துவிட்டேன். பிறகு நீ ஒன்று சொன்னாய். "வரி இல்லாத சம்பளம் அப்பா. இஞ்சை எடுக்கிறதைவிட மூண்டு மடங்கு." அந்தச் சொல் மட்டும் என்னுடன் தங்கிவிட்டது. ஏனென்றால் அந்தச் சம்பளத்துக்கான வரியைக் கட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும். என்னுடைய டாக்சியில் முன் இருக்கையில் அவர் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

இந்த ஊரைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கைசர்ஸ்லவுட்டர்னில் பிறந்த பிள்ளை நீ. இங்கே இருக்கிற அமெரிக்க இராணுவத் தளத்துப் பிள்ளைகளோடு கூடைப்பந்து விளையாடித்தான் உன் ஆங்கிலம் என்னுடையதை விட நன்றாக வந்தது. இங்கே வெதுப்பகக்காரர், வீடு வாடகைக்கு விடுகிறவர், கார் விற்கிறவர், எல்லோர் வீட்டு அடுப்பும் ஏதோ ஒருவிதத்தில் தளத்துக் காசில்தான் எரிகிறது. என் டாக்சியும் அப்படித்தான். ஈராக் போர் தொடங்கியபின் காயப்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்து மலைமேல் இருக்கிற இராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர்களைப் பார்க்கத் தாய் தகப்பன்மார் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். ஒரு கிழமையில் எனக்கு ஓட்டம் கூடினால், அங்கே பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று பத்திரிகை பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். உன் படிப்புக்கு நான் அனுப்பிய காசில் அந்த ஓட்டங்களின் காசும் இருந்தது. இதையும் நீ தெரிந்துகொண்டுதான் மிச்சத்தை வாசிக்க வேண்டும்.

ரே என்கிற அந்த மனிதரை நான் ரயில் நிலையத்தில் ஏற்றினேன். நீ அப்போது முதலாம் வருடப் படிப்புக்காக டார்ம்ஸ்டாட்டில் இருந்தாய். விமான நிலையத்தில் அவரை ஏற்ற வந்த இராணுவப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு ரயிலில் வந்து இறங்கியிருந்தார். பின் கதவைத் திறந்து விட்டேன். "முன்னால் இருக்கலாமா? பின்னால் இருந்து எனக்குப் பழக்கமில்லை" என்றார். ஒகையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். மலை ஏறும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால், அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மகனுக்கு இருபது வயது, பெயர் டேனி. வீதியோரக் குண்டு. தலையிலும் காலிலும் காயம். "உடனே வாருங்கள் என்று சொன்னார்கள். கடவுச்சீட்டு எடுத்ததே முதல்தரம்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், குரலை எழுத ஏலாது.

மூன்று நாள் அவரைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் ஏற்றினேன். இராணுவப் பேருந்து இருக்கத்தக்கதாக என்னையே கூப்பிட்டார், நான் பிரேக் மிதிக்கிற விதம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் மாலை அவர் ஏறவில்லை. வாசலுக்கு வந்து, கார்க் கதவின் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "இன்றைக்கு நான் வரவில்லை. மகனுக்குக் கடுமையாக இருக்கிறது. பாதிரியார் வந்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்களுடைய ஊரில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். என் அண்ணன் இறந்தபோது எனக்கு வந்த செய்தி "வருத்தம் கூடிப்போச்சு, உடனே வரவும்" என்பதுதான். அதை வாசித்த கையோடு நான் அழத் தொடங்கினேன். வருத்தம் கூடியது என்று சொன்னால் முடிந்தது என்று விளங்கிக்கொண்டே நாங்கள் வளர்ந்தோம். அதனால் ரே சொன்னதையும் அப்படியே விளங்கிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பத்து வருடத்துக்கு மேல் செய்தியாளனாக இருந்தவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போய் நேரில் பார்க்காமல் ஓர் இறப்பையும் எழுதியதில்லை. அன்றைக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "அந்தப் பெடியன் போயிட்டான்" என்றேன்.

அம்மா சமையலறைக்குள் போனாள். சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் வளர்ந்த வீட்டில் அந்தச் சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சோறு, வெறும் பருப்பு, ஒரு மரக்கறி. எண்ணெய் காய்ச்சி, கடுகு வெடிக்கவைத்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தாளிக்கக் கூடாது. அந்த மணம் நல்ல நாளின் மணம் என்பாள். "அந்த மனுசனுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? நாங்கள்தான் அயல்" என்று சொல்லிச் சொல்லிச் சமைத்தாள். மறுநாள் மத்தியானம் பொட்டில்லாமல், வெளிறிய சேலையொன்றில் வந்து காரில் ஏறினாள்.

காயப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக அங்கே ஒரு விடுதி இருந்தது. பொதுச் சமையலறை, நீளமான மேசை. ரே தனியாக உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, பருப்பை விட்டு, முன்னால் வைத்தாள். சாவீட்டில் வாயால் ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார். பசியோடு சாப்பிட்டார். பாதிக் கோப்பை முடிந்தபோது நிமிர்ந்து, "இன்று காலை அவன் ஒரு கண்ணைத் திறந்தான்" என்றார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பெடியன் கண் முழிச்சிட்டானாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் விபரிக்க ஏலாது. "அவன் செத்துப்போனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நான் நினைச்சன்."

"நினைச்சனீங்களோ? பேப்பர்காரன் நினைக்கிறவனோ? அந்த மனுசன்ரை கோப்பையை வாங்குங்கோ."

"எப்பிடி வாங்கிறது? சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருக்கிறார்."

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு நான் செத்தவீட்டுச் சோறு கொண்டந்திட்டனே. வாங்குங்கோ எண்டுறன்."

ரே கரண்டியை வைத்துவிட்டு, "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். உப்புக் குறைந்துவிட்டதாம், கவலைப்படுகிறா என்று சொன்னேன். "உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். கோப்பையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. பருப்பை அவித்து எடுத்துக்கொண்டாள். எண்ணெய்ப் போத்தல், கடுகு, செத்தல், வெங்காயம், ஏசியாக் கடையில் வாங்கி உறைகுளிரில் வைத்திருந்த கறிவேப்பிலை, தாளிக்கிற தாச்சி, எல்லாவற்றையும் காரின் பின்பக்கத்தில் ஏற்றினாள். பெரிய பொட்டு. அந்த விடுதிச் சமையலறையிலேயே, ரேயின் கண் முன்னாலேயே தாளித்தாள். கடுகு வெடித்தது, செத்தல் கருகியது, கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அறைகளில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு தாய் காலில் ஒற்றைச் செருப்போடு வந்தா. எல்லோரும் இருமிக்கொண்டு நின்றார்கள். விடுதியைக் கவனிக்கிற ஜெர்மன்காரி கதிரையில் ஏறி மணியை நிறுத்திவிட்டு, "இது என்ன?" என்று கேட்டா. அம்மா தன்னுடைய ஜெர்மனில், "மெடிசீன்" என்றாள். அன்றைக்கு அந்த மேசையில் இடமில்லாமல் போனது. ரேக்கு உறைப்பில் கண்ணீர் வழிந்தது. "நேற்றையதைவிட இது நல்லது" என்றார். "நல்லதுதான் வேணும்" என்றாள் அம்மா.

இது நாங்கள் உனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. சொல்லாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. டேனியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிற நாளில் ரேயை நான்தான் கொண்டுபோய் விட்டேன். காசு வாங்கவில்லை. அன்றைக்கு அவர் பிரேக் மிதிக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அவராகவே பேசினார். "ஒவ்வொரு சித்திரையிலும் வரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன். முப்பது வருடம். பாடசாலைக்கு, வீதிக்கு என்று நினைத்துக்கொள்வேன். போருக்கு இத்தனை பில்லியன் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது அது என்னுடைய காசு என்று தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய தொகை ஒருவருடைய காசாக இருக்க முடியாது." பிறகு வைப்பர் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டேனி எழுபது வயதுவரை வாழ்வான் என்று வைத்தியர் சொல்கிறார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அவனைத் தூக்க, துடைக்க, ஊட்ட எழுபது வயதுவரை ஆள் வேண்டும். நான் போன பிறகு அதற்கு யார் காசு கட்டுவது? போருக்கே கடன் வாங்கித்தான் செலவழிக்கிறார்கள். என் பேருந்தில் ஏறுகிறதுகளுக்கு ஆறு வயது. படியில் ஏறத் தெரியாமல் கையைப் பிடித்துக்கொள்கிறதுகள். அதுகள்தான் கட்டப்போகுதுகள்."

நான் அதை எழுத நினைத்தேன். பாரிசில் இருந்து வருகிற அந்தத் தமிழ் வார இதழுக்கு அப்போது மாதம் இரண்டு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. ஒரு பயணி சொன்னதை எழுதுவது டாக்சிக்காரன் செய்கிற வேலையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரே இப்போதும் மின்னஞ்சல் எழுதுகிறார். பேருந்து வேலையை விட்டுவிட்டார், மகனோடு வீட்டில் இருக்கிறார். மனைவி பல்பொருள் அங்காடியில் வேலை செய்கிறா. டேனிக்கு ஒரு கால் இல்லை. காலையில் நடந்தது மத்தியானம் நினைவில்லை. தகப்பனை "சேர்" என்று கூப்பிடுகிறானாம், ஏதோ அதிகாரி என்று நினைத்து. "நானும் அவனைச் சில நாள் திருத்துவதில்லை. அவன் விறைப்பாக உட்காருகிறான், அப்போது சவரம் செய்வது சுகம்" என்று எழுதியிருந்தார். முறைப்பாடாக அல்ல, தகவலாகத்தான் எழுதியிருந்தார். நான் அந்த வரியை வாசித்துவிட்டுக் கணினியை மூடினேன்.

உன் மூன்று மடங்குச் சம்பளத்துக்கு நீ வரி கட்டத் தேவையில்லை, சரி. ரே கட்டுகிறார். அந்த ஆறு வயதுப் பிள்ளைகள் கட்டுவார்கள். நீ வாங்கப்போகிற வீட்டின் சுவர் அந்தக் காசில் எழும்பும். இதைக் குற்றச்சாட்டாக எடுக்காதே. என் வீட்டு வாடகையும் அதே காசில்தான் போனது என்று முதலே எழுதிவிட்டேன்.

இனி மற்றப் பக்கம். நம் கட்டடத்துக்குக் கீழே ரொட்டியும் சூப்பும் விற்கிற யூசுப்பை உனக்குத் தெரியும். அவர் மோசூல்காரர் என்பதும் தெரிந்திருக்கும். அவருடைய அண்ணன் மகன் கரீமைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கமாட்டாய். டேனியின் வயதுதான். மாமியாரை வைத்தியரிடம் காட்டக் காரில் கூட்டிக்கொண்டு போனான். வீதியில் ஒரு சோதனைச்சாவடி புதிதாகப் போட்டிருந்தார்கள், முதல் நாள் அது அங்கே இல்லை. கை காட்டியதை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்து பிரேக் பிடிக்கப் பிந்திவிட்டது. சுட்ட பெடியன்களுக்கும் இருபது வயதாகத்தான் இருந்திருக்கும், அவர்களும் பயந்துபோய்த்தான் நின்றிருப்பார்கள். இதை நான் சொல்லவில்லை, யூசுப்தான் சொன்னார். மாமியார் பிழைத்தா.

இதையாவது எழுதுவோம் என்று இருந்தேன். அந்தக் கிழமைச் செய்திகளைத் தேடினேன். அந்த ஊரில் "சில பொதுமக்கள்" இறந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதில் கரீம் அடக்கமா என்று தெரியவில்லை. டேனிக்குக் காயம் என்று அவனுடைய ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது, பாடசாலையில் எந்த இலக்கம் போட்டு விளையாடினான் என்றுகூட எழுதியிருந்தார்கள். அது நல்லது, ஒரு மனிதனை அப்படித்தான் எழுத வேண்டும். கரீமை யாரும் எண்ணவில்லை. யாழ்ப்பாணத்தில் நானும் "சிலர்" என்று எழுதியிருக்கிறேன். பெயர் கிடைக்காதபோது, பிந்திவிட்டபோது, அச்சகம் காத்திருந்தபோது. எழுதுவதற்கு அது சுலபமான சொல்.

நீ மோசூல் பக்கம் போகப்போகிறாய் என்று யூசுப்பிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அது வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "கோடையில் போகிறானா? வெயில் பொல்லாதது. கழுத்தை மூடச் சொல்லு" என்றார். பிறகு ரொட்டியை என் கையில் தராமல் வைத்துக்கொண்டு நின்றார். "என் அண்ணன் வீடு அந்தத் தளத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. நீ உன் மகனை அவ்வளவு தூரம் அனுப்பும்போது, என் வீட்டில் போய்ச் சாப்பிடு என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. அந்தத் தளத்தில் இருந்து ஒருவன் வந்து போனான் என்று தெரிந்தால் அண்ணன் குடும்பம் அங்கே இருக்க முடியாது. மன்னித்துக்கொள்" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார், தம்பி. நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

உன் அம்மா இறந்த நாளை நினைத்துப் பார். ஆஸ்பத்திரியில் இருந்து நாம் இருவரும் வீட்டுக்கு வந்தோம். அடுப்பு மூட்டக் கூடாது. கொலோனில் இருந்தும் டோர்ட்மண்டில் இருந்தும் ஆட்கள் அடுத்த நாள்தான் வரமுடியும் என்று சொல்லியிருந்தார்கள், வேலைநாள், எல்லோருக்கும் லீவு எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், ஆனால் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம் இருவரும் குசினி மேசையில் உட்கார்ந்து, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நீ, "ஏதாவது வாங்கியாறன் அப்பா" என்று கீழே போனாய். திரும்பி வரும்போது யூசுப் உன்னோடு வந்தார். ஒரு பெரிய பானை பருப்புச் சூப், மேலே ரொட்டி. நீ இறைச்சி ரொட்டிதான் கேட்டாயாம். கேட்ட கையோடு அழுதுவிட்டாயாம். அவர் விசயத்தைக் கேட்டுவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, பானையோடு ஏறிவிட்டார். அவர்களிடமும் சாவீட்டில் அடுப்பெரிவதில்லையாம். அந்தப் பருப்பு தாளிக்காதது. முறையான சாப்பாடு. அம்மா இருந்திருந்தால் அவரைக் கதிரையில் இருத்தியிருப்பாள்.

நீ வெள்ளிக்கிழமை கடைசியாகச் சொன்னதற்கும் பதில் எழுத வேண்டும். "நீங்களும் மாதம் மாதம் ஊருக்குக் காசு குடுத்தனீங்கள்தானே. இயக்கத்துக்குக் காசு சேர்க்கக் கொலோனிலை இருந்து வாற அந்த அண்ணையிட்டை ஒருநாளாவது கேட்டனீங்களோ, இது எங்கை போகுதெண்டு?" நான் இருமினேன். இருமல் வரவில்லை, இருமினேன். கேட்கவில்லை, தம்பி. அவர் வருவார், தேத்தண்ணி குடிப்பார், உன் படிப்பை விசாரிப்பார். இடம்பெயர்ந்த சனத்துக்கு மருந்து வாங்க என்று நான் கொடுப்பேன். "ஓம் அண்ணை" என்பார். மருந்தும் வாங்கியிருப்பார்கள். மருந்து மட்டும் வாங்கியிருக்கமாட்டார்கள். எல்லாரையும் கேள்வி கேட்டுச் சம்பளம் எடுத்தவன் அந்த ஒருவரை மட்டும் கேட்கவில்லை, பதில் எனக்குத் தெரிந்திருந்ததால். இப்போது ஊரில் திரும்பவும் சண்டை. குண்டு விழுகிற இடங்களின் பெயரைக் கேட்கும்போது அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. தூரத்தில் இருந்து காசு கொடுக்கிறவனுக்கும், தூரத்தில் இருந்து வயர் இழுக்கிறவனுக்கும் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காததால்தான் எங்களால் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க முடிந்தது. நீ என்னைப் பிடித்த இடம் சரியான இடம். அதனால் போகாதே என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று நீ நினைத்தால், தகுதியை விட்டுவிடு. எனக்கு வேறொன்று மிஞ்சியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிற கம்பெனிக்காரர்களுக்கு ஏதும் நடந்தால் அவர்களையும் இந்த மலைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். நான் ஏற்றி இறக்கியிருக்கிறேன், அவர்களுடைய ஆட்களை. உனக்கு ஏதும் என்றால் ரேயைப்போல நான் கண்டம் தாண்டி வரத் தேவையில்லை. யாரையும் வழி கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். அந்த விடுதியில் எனக்கு ஓர் அறை தருவார்கள், அல்லது வீட்டுக்குப் போ, பக்கத்தில்தானே என்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? இப்போதே நான் சமைப்பது குறைவு. ஒருவனுக்குப் பருப்பு அவித்தால் மூன்று நாளைக்குக் கிடக்கிறது. தாளிப்பதில்லை. எண்ணெய் தெறிக்கும், மணம் சட்டையில் பிடிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்கிறேன். போன மாதம்தான் கவனித்தேன், அம்மா போனதில் இருந்து இந்த வீட்டில் ஒருநாளும் கடுகு வெடிக்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த பிறகு தாளிக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, எனக்கே தெரியும். ஆனால் தனியாக ஒருவன் தனக்காகத் தாளிப்பது என்னவோ கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உனக்கு வியாழன் அல்லது வெள்ளி கிடைக்கும். திங்கட்கிழமை கையெழுத்து. இடையில் ஒரு ஞாயிறு இருக்கிறது. வா. வாதம் செய்ய மாட்டேன், சொல்ல இருந்ததெல்லாம் இதில் எழுதியாகிவிட்டது. வரும்போது உன்னோடு கல்யாணம் பேசின பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவளும் இதை வாசிக்கட்டும். ஒப்பந்தத்தையும் கொண்டு வா, ஆங்கிலத்தில் எனக்கு விளங்காத இடங்களை நீ சொல்லு. யூசுப்பிடம் ரொட்டிக்குச் சொல்லிவிட்டேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்ப நானும் வாறன், நாலு" என்றார், அவருக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழில்.

புகை மணியின் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். பருப்பை அவித்து இறக்கி வைத்திருப்பேன். வெங்காயம் வெட்டி, செத்தலை முறித்து, கடுகை மூடியில் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். எண்ணெயை முதலே காயவைக்க மாட்டேன். நீ கீழே மணியடித்து, உன் குரலைக் கேட்ட பிறகுதான் அடுப்பை மூட்டுவேன். நீ படியேறி வருவதற்குள் கடுகு வெடித்துவிடும்.

அப்பா